மேசையில் கோத்து, சுவரில் ஒட்டி: மொசைக் சில்லுகளை முன்கூட்டியே தயார் செய்யும் மூன்று முறைகள்

அடுப்பு மேடைக்குப் பின்னால் ஒரு தாமரைக் கொடியைப் பதித்துவிடலாம் என்று, டைல்ஸ் பசையை பக்கெட்டில் குழைத்துக்கொண்டு நான் சுவரின் முன் நின்றது ஒரு சித்திரை மாத மதியம். முதல் இதழை முடிப்பதற்குள் சுவரில் பூசிய பசையின் மேல், காய்ச்சிய பாலில் படிவது போல ஏடு படிந்துவிட்டது. வைத்த சில்லுகள் ஒவ்வொன்றாக மேடையில் உதிர்ந்தன. பக்கெட்டில் இருந்த மிச்சமும் கட்டியானது. மாலையில் கணக்குப் பார்த்தால் ஒரு பை பசை வீண். கைவசம் ஒன்றரை இதழ். கூடவே மூன்று நாளைக்குக் கழுத்து வலி.

மொட்டை மாடியில் வெள்ளை உடைசல் டைல்ஸ் பதிப்பவர்கள் சாந்தைப் பரப்பிவிட்டு அப்படியே மளமளவென்று வைத்துக்கொண்டு போவார்கள். தரை எதையும் கீழே தள்ளாது. அங்கே படமும் கிடையாது. சுவரில் உருவம் ஒன்றைக் கொண்டுவர வேண்டுமென்றால் கதை வேறு. சில்லை வெட்ட வேண்டும், பொருத்திப் பார்க்க வேண்டும், பிடிக்கவில்லையென்றால் மாற்ற வேண்டும். பசை அதற்கெல்லாம் காத்திருக்காது. ஆகவே யோசிக்கும் வேலை முழுவதையும் மேசையில் முடித்துக்கொண்டு, ஒட்டும் வேலையை மட்டும் சுவருக்கு எடுத்துச் செல்வதுதான் வழி.

இது புதிய யோசனை அல்ல. ரோமானியர்கள் தரை மொசைக்கின் நடுவில் வரும் நுணுக்கமான படத்தை மட்டும் பட்டறையில், விளிம்பு உயர்ந்த சுடுமண் தட்டிலோ கல் தட்டிலோ செய்து எடுத்துவந்து பதித்தார்கள். அந்த நடுப்படத்திற்கு எம்ப்ளேமா என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் வடகிழக்கே உள்ள செக்வால்ஸ் என்ற ஊரில் பிறந்த ஜான் டொமெனிகோ ஃபக்கினா, சில்லுகளைக் காகிதத்தில் கவிழ்த்து ஒட்டி, பகுதி பகுதியாகக் கொண்டுபோய்ப் பதிக்கும் முறையைப் பெரிய கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார். 1875-இல் திறக்கப்பட்ட பாரிஸ் கார்னியே ஓபரா மாளிகையின் மொசைக் வேலைகளில் அவர் கை இருக்கிறது. சாரத்தில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய வேலை பட்டறை மேசைக்கு இறங்கிவந்தது; செலவும் இறங்கியது.

இன்று வீட்டில் செய்துகொள்ள மூன்று முறைகள் இருக்கின்றன. வலையில் ஒட்டுவது, காகிதத்தில் கவிழ்த்து ஒட்டுவது, ஒட்டும் தாளால் முகப்பில் பிடித்துக்கொள்வது. மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: சில்லுக்கும் சுவருக்கும் நடுவில் எதை வைத்தாலும் அது பிடிப்பில் ஒரு பங்கைத் திருடிக்கொள்கிறது. எந்த முறையை எங்கே பயன்படுத்துவது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

கணக்கும் வரைபடமும்

வாசல் பக்கச் சுவரில் 2 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஒரு மயில் என்று வைத்துக்கொள்வோம். 6 சதுர அடி. கடையில் கிடைக்கும் கண்ணாடி மொசைக் சில்லு 20 மில்லிமீட்டர் சதுரம், 4 மில்லிமீட்டர் தடிமன். ஒரு தாளில் வரிசைக்கு 15 வீதம் 225 சில்லுகள். தாளின் அளவு 327 மில்லிமீட்டர். வெட்டாமல் வைத்தால் நம் மயிலுக்கு ஏறக்குறைய 1,170 சில்லுகள் போதும். வெட்டினால் சேதாரம் உண்டு. எனவே 1,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறங்களைக் கூட்டி மொத்தம் 7 தாள். எடை சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

சில்லு வாங்குவதற்கு முன் சுவரைப் பாருங்கள். ஆறடி மட்டக்கட்டையைக் குறுக்கும் நெடுக்கும் வைத்தால் அடியில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பள்ளம். 30 சென்டிமீட்டர் டைல்ஸ் சிறிய பள்ளத்தை மூடி மறைத்துவிடும். 2 சென்டிமீட்டர் சில்லு மறைக்காது. சுவர் எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது காட்டிக்கொடுத்துவிடும். பள்ளத்தைப் பூசிச் சரிசெய்து, தண்ணீர் கட்டி, புதுப் பூச்சாக இருந்தால் 28 நாள் விட்டு அதன் பிறகே தொடங்குங்கள். படம் கோக்கவே அவ்வளவு நாள் ஆகும் என்பதால் காத்திருப்பது தெரியாது.

சுவர் அளவுக்குத் தாளை ஒட்டி ஓரங்களையும் சுவிட்ச் பெட்டிகளையும் அதன் மேலேயே வரைந்துகொள்ளுங்கள். நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு வந்தால் எங்காவது அரை அங்குலம் ஏமாற்றும். சுவர் மூலைகள் செங்கோணமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வரைந்த எல்லையிலிருந்து நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். உங்கள் படத்தின் எல்லை அதுதான்.

எங்கே எந்த முறை

குளியலறையில் தண்ணீர் நேரடியாக விழும் சுவர், தொட்டி, மழையில் நனையும் வெளிச்சுவர் ஆகியவற்றுக்குக் காகித முறைதான். பதித்த பிறகு காகிதம் போய்விடுகிறது. சில்லின் முதுகு முழுவதும் டைல்ஸ் பசையில் உட்காருகிறது. நடுவில் வேறெதுவும் இல்லை.

உள்சுவர், நிலைக்கதவின் பக்கம், பூஜை அறை, மேசை மேற்பரப்பு போன்ற இடங்களுக்கு வலை போதும். முதல் தடவை செய்பவர்களும் இதிலிருந்தே தொடங்கலாம். படத்தை நேராகப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம் என்பதைவிடப் பெரிய சலுகை வேறு இல்லை.

உடைந்த பீங்கான் தட்டு, நிறம் மேல்பூச்சில் மட்டும் இருக்கும் டைல்ஸ் துண்டுகள், கண்ணாடிச் சில்லு என்று கலந்து செய்வதானால் மூன்றாவது முறை. இவற்றைக் கவிழ்த்து வைத்தால் எல்லாம் ஒரே வெள்ளை முதுகு. எது பச்சை, எது நீலம் என்று தெரியாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

வலையில் ஒட்டுவது

வேண்டியது கண்ணாடி இழை வலை. பூச்சு விரிசல் விடாமலிருக்கக் கொத்தனார்கள் வைக்கும் ஃபைபர் மெஷ்ஷேதான். ஆனால் கடையில் இருப்பதிலேயே மெல்லிய, கண் சிறியதைக் கேளுங்கள். தடித்த வலை சில்லுக்கு அடியில் மெத்தை போலத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பிளைவுட் பலகையில் வரைபடத்தை விரித்து, அதன் மேல் பாலித்தீன் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். பாலித்தீனை மறந்தால் வரைபடமும் வலையும் பலகையும் ஒன்றாகிவிடும். அதன் மேல் வலை; ஊசியாணி குத்தி இறுக்குங்கள். கோடுகள் வலைக்கு அடியில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பசை விஷயத்தில் கஞ்சத்தனமே நல்லது. நம் ஊரில் எல்லா வெள்ளைப் பசையும் ஃபெவிகால்தான். ஆனால் சாதாரண மரவேலைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். நீரைத் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அதையும் சில்லின் முதுகு முழுவதும் தடவக் கூடாது. 20 மில்லிமீட்டர் சில்லுக்கு நடுவில் இரண்டு பொட்டு, ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவு. பசை படிந்த இடத்தில் டைல்ஸ் பசை பிடிக்காது. அந்த இடம் அத்தனையும் வலை திருடிக்கொண்ட பங்கு. முதுகில் முக்கால் பங்காவது வெறுமையாக இருக்கட்டும்.

முதலில் உருவத்தின் விளிம்பு, பிறகு உள்பகுதி, கடைசியில் பின்னணி. மயிலின் கழுத்து வளைவை ஒரே வரிசையில் முடித்துவிட்டு, பின்னணியில் முதல் வரிசையை அந்தக் கழுத்தை ஒட்டியே ஓடவிடுங்கள். உருவம் தனியே எழுந்து நிற்கும். இடைவெளி 2 மில்லிமீட்டர். அதற்குத் தீக்குச்சியைவிடச் சிறந்த கருவி எனக்குக் கிடைக்கவில்லை. சில்லு ஒன்றோடொன்று முட்டினால், இடைவெளிகளை நிரப்பக் கடைசியில் பூசும் க்ரௌட் கலவை நடுவில் இறங்காது. 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் படம் பல் விழுந்த வாய் போலத் தெரியும்.

வெட்டுவதற்கு இரட்டைச் சக்கரக் கட்டர் வேண்டும். சில்லின் ஓரத்தை மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கட்டரின் வாயில் கொடுத்து அழுத்தினால் போதும். பிளவு தானாக ஓடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள். நம் வீடுகளில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துணுக்குகளைத் துடைப்பம் விட்டுவிடும். பிசைந்த கோதுமை மாவு உருண்டை ஒன்றைத் தரையில் உருட்டினால் மொத்தமும் அதில் ஏறிக்கொள்ளும். அந்த மாவைக் காக்கைக்குப் போடாமல் குப்பையில் போடுங்கள்.

ஒட்டி முடித்து ஒரு நாள் காயவிட்டு, பலகையோடு கவிழ்த்து, பாலித்தீனை உரியுங்கள். பாலித்தீன் மூடியிருந்ததால் முதுகு இன்னும் ஈரமாகவே இருக்கும். இன்னொரு நாள் காற்றாட வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு மூன்று நாள்கூட ஆகலாம். பிறகு ஓரத்தைப் பிடித்து மெல்ல உதறுங்கள். விழ வேண்டியவை மேசையிலேயே விழட்டும்.

அடுத்தது துண்டாக்குவது. ஓரடிக்கு ஓரடி என்பது இரண்டு கைக்கு அடங்கும் அளவு. நேர்க்கோட்டில் வெட்டினால் அந்தக் கோடு சுவரில் கடைசிவரை தெரியும். சில்லுகளுக்கு இடையே வளைந்து நெளிந்து, உருவத்தின் விளிம்பை ஒட்டியே பிளேடை ஓட்டுங்கள். வலை சில்லின் ஓரத்துக்கு வெளியே ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு துண்டு சேரும் இடத்தில் வலைமேல் வலை ஏறினால் அங்கே சில்லுகள் வரப்பு போல மேடாகும். ஒவ்வொரு துண்டின் முகப்பிலும் சிறு டேப் ஒட்டி, எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போடுங்கள். வரைபடத்திலும் அதே எண்.

காகிதத்தில் கவிழ்த்து ஒட்டுவது

மூன்றிலும் எனக்குப் பிடித்தது இது. கஷ்டமானதும் இதுதான்.

காகிதம், பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பிரவுன் தாள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. வேலை சொரசொரப்பான பக்கத்தில். தாளை அப்படியே பயன்படுத்தினால் பசையின் ஈரத்தில் அலை அலையாக எழும்பி, வைத்த சில்லுகளை நகர்த்திவிடும். அதனால் முதலில் ஈரத் துணியால் லேசாகத் துடைத்து, பலகையில் நான்கு ஓரமும் டேப்பால் இறுக்கி, காயவிடுங்கள். காய்ந்ததும் முரசுத் தோல் போல விறைத்து நிற்கும்.

பசை, சுவரொட்டி ஒட்டுபவர்களின் மைதா பசையேதான். ஒரு கப் மைதாவை ஒரு கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கப் தண்ணீரில் ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறுங்கள். வெள்ளை போய்க் கண்ணாடி போல மினுமினுப்பு வரும்போது இறக்குங்கள். சுவரொட்டிக்காரர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், நமக்குத் தேவையில்லை. ஆனால் பூச்சி வராது என்றும் எண்ணிவிட வேண்டாம். கோத்து முடித்த இரண்டு தாள்களை நான் பரணில் இரண்டு மாதம் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது கரப்பான்கள் பசையைத் தின்றுவிட்டிருந்தன. நாற்பது சில்லுகள் பரணின் மூலையில் உதிர்ந்து கிடந்தன. இரண்டு வாரத்துக்குள் சுவருக்குப் போய்விட வேண்டும்.

வேலை தொடங்கும் முன் நான்கைந்து சில்லுகளைத் தனித் துண்டுக் காகிதத்தில் ஒட்டி, காயவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சோதியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காகிதம் தானாகக் கழன்றுவர வேண்டும். வரவில்லையென்றால் பசை கெட்டி. தண்ணீர் சேர்த்துக் காய்ச்சுங்கள். கை பட்டாலே உதிர்கிறதென்றால் நீர்த்துவிட்டது. வெள்ளைப் பசையை இந்த வேலைக்கு அப்படியே பயன்படுத்தினால், சுவரில் காகிதத்தைச் சுரண்டிக்கொண்டு பசை இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இனி, இந்த முறையின் பெரிய பொறி. சில்லின் முகம் காகிதத்தில், முதுகு உங்களைப் பார்த்து. சுவரில் ஒட்டும்போது எல்லாம் இடம் வலமாகும். அத்தை வீட்டுப் பூஜை அறைக்கு வலக்கையில் வேல் பிடித்த முருகனை மூன்று வாரம் கோத்தேன். சுவரில் காகிதத்தை உரித்தபோது வேல் இடக்கையில் இருந்தது. “முருகன் எப்போதிலிருந்து இடக்கைக்காரர் ஆனார்?” என்று அத்தை கேட்டார். வந்தவர்கள் எல்லோரிடமும் இன்றும் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறார். எனவே படத்தை வெண்ணெய்த் தாளில் வரைந்து, தாளைப் புரட்டிப் போட்டு, தெரிகிற கோடுகளைக் கார்பன் வைத்துப் பிரவுன் தாளில் ஏற்றுங்கள். ஏற்றியதைக் கண்ணாடிமுன் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரிவதுதான் சுவரில் வரப்போவது. வீட்டுப் பெயர் எழுதுவதாக இருந்தால் வேறொருவரைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் இதற்குள் தலைகீழுக்குப் பழகியிருக்கும்.

உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் பசையை மெல்லிதாகத் தடவி, சில்லின் வழவழப்பான முகத்தைக் கீழே வைத்து ஒட்டிக்கொண்டு போங்கள். வரிவரியாக இருக்கும் பக்கம் முதுகு, அது மேலே. கண்ணாடிச் சில்லை உற்றுப் பார்த்தால் அதன் ஓரங்கள் சரிந்திருப்பது தெரியும். முகம் பெரியது, முதுகு சற்றுச் சிறியது. மேலிருந்து பார்க்கும்போது இடைவெளி அதிகம் போலத் தோன்றும். அதை நம்பி நெருக்கி வைத்தால் கீழே முகங்கள் முட்டிக்கொண்டிருக்கும். இடைவெளியைக் காகிதத்தின் மட்டத்தில் குனிந்து பாருங்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் பலகை செலவானது.

இவ்வளவு தொல்லைக்கும் கைமாறு உண்டு. எல்லா முகங்களும் ஒரே சமதளமான காகிதத்தில் படிந்திருப்பதால், சில்லுகளின் தடிமனில் சிறு வேறுபாடு இருந்தாலும் அது பின்பக்கம் போய்விடுகிறது. பதித்த பிறகு கையால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். வலையில் இதற்கு நேர்மாறு: முதுகுகள் சமம், முகங்கள் மேடுபள்ளம். கால் மிதிக்கும் தரைக்கும் மேசைக்கும் வலை வேண்டுமென்றால் ஒரே தடிமன் சில்லாகப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

காய்ந்த பிறகு சில்லுகளின் இடைவெளி வழியே பிளேடால் காகிதத்தை வெட்டித் துண்டாக்குங்கள். வெட்டும் முன்பே காகிதத்தின் வழவழப்பான பக்கத்தில் எண், அம்பு, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு எல்லை தாண்டிப் போகும் சிறு கோடுகள் எல்லாவற்றையும் அழியாத மையில் போட்டுவிடுங்கள். சுவரில் உங்களைப் பார்த்திருக்கப்போவது அந்தப் பக்கம்தான். இரண்டு துண்டுகளின் கோடு ஒன்றுசேர்ந்தால் இடம் சரி.

ஒட்டும் தாளில் பிடிப்பது

இதில் பசையே கிடையாது. வரைபடத்தின் மேல் பாலித்தீன், அதன் மேல் சில்லுகளை முகம் மேலாக வெறுமனே அடுக்குவது. பிடிக்காததை மாற்றிக்கொண்டே இருக்கலாம். தும்மல் வந்தால் மட்டும் தலையைத் திருப்பிக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டால் துண்டுத் தாள்கள் பறந்து வந்து தொல்லை செய்யாது.

அடுக்கி முடித்ததும் முகங்களை உலர்ந்த துணியால் துடைத்து, ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் தாளை மேலிருந்து ஒட்டி, கட்டைவிரலால் ஒவ்வொரு சில்லையும் அழுத்துங்கள். தூசி இருந்தால் பிடிக்காது. துண்டாக்கி, எண் போட்டு, அன்றோ மறுநாளோ பதித்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் தாளின் கோந்து சில்லுக்கு மாறிவிடும். மழைக்கால ஈரத்தில் தாள் தானாகவே விலகும். மாறிய கோந்தைத் தேங்காய் எண்ணெய் தேய்த்து எடுக்கலாம், ஆனால் க்ரௌட் போடும் முன் எண்ணெய்ப் பசை முழுவதும் போயிருக்க வேண்டும்.

தடிமன் வேறுபடும் துண்டுகளுக்கு இந்த முறையும் ஒரே தளத்தைத் தந்துவிடாது. தடித்தது முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும். மெல்லியதன் முதுகில் பதிக்கும் நேரத்தில் கொஞ்சம் அதிகப் பசை தடவிச் சமன் செய்ய வேண்டும்.

கடையில் ஆயத்தமாக வரும் தாள்களும் இதே மூன்று வகைகள்தான். கூடவே, சில்லுகளின் மூலைகளைப் பிளாஸ்டிக் பொட்டால் இணைத்த வகையும் உண்டு. வாங்கும் முன் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்கி, ஒரு மூலையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். வலை தோல் உரிவது போல வந்துவிட்டால் அதைக் குளியலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதுகைத் திருப்பிப் பார்த்து, பசை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்றும் கவனியுங்கள். வேறு வேறு பெட்டிகளின் நிறம் சற்று மாறும். பதிப்பதற்கு முன் கலந்துகொள்ளுங்கள்.

சுவருக்குப் போகும் நாள்

காலையில் முதல் வேலை, எல்லாத் துண்டுகளையும் தரையில் எண்படி அடுக்கிப் பார்ப்பது. ஒன்று தலைகீழாகவோ ஓரம் இடிப்பதாகவோ இருந்தால் இங்கேயே தெரியட்டும். வெயில் நேரடியாக விழும் சுவரானால் விழாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சுவரை ஈரத் துணியால் துடைத்துத் தூசியைப் போக்குங்கள். ரசமட்டம் வைத்து, கீழ் விளிம்புக்கு ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்தால் முதல் வரிசை சரிந்து இறங்காது.

டைல்ஸ் பசை வெள்ளை நிறத்தில் வேண்டும். சாம்பல் நிறப் பசையானால் கண்ணாடி வழியே அது தெரிந்து, வானநீலம் அழுக்கு நீலமாகிவிடும். பையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா, கண்ணாடி மொசைக்குக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சிமென்ட் பால் கண்ணாடியில் பிடிக்காது. சில்லு உறிஞ்சாத பொருள். குழைத்து ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி ஒரு முறை கலக்கிப் பயன்படுத்துங்கள்.

3 அல்லது 4 மில்லிமீட்டர் பல் வெட்டிய கரணையால் சீப்பு வாரியது போல வரி இழுங்கள். வரி இழுத்தால் பசை எங்கும் ஒரே தடிமன் ஆகும். பிறகு கரணையின் வழவழப்பான பக்கத்தால் அந்த வரிகளை மெல்லப் படியவையுங்கள். பெரிய டைல்ஸ் பதிப்பவர்கள் இதைச் செய்வதில்லை. சில்லுகளுக்குச் செய்யாவிட்டால் வரிகளில் இருக்கும் பசை இடைவெளிகள் வழியே பிதுங்கி முன்னால் வந்துவிடும். பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் பூசாதீர்கள். அவ்வப்போது விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் சரி. ஒட்டவில்லையென்றால் ஏடு படிந்துவிட்டது என்று பொருள். வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். ஏட்டின் மேல் தண்ணீர் தெளித்து ஏமாற்றப் பார்க்க வேண்டாம், நான் பார்த்தாகிவிட்டது.

வலைத் துண்டை நேராக வைத்து, மரக்கட்டையால் சீராகத் தட்டுங்கள். விரலால் அழுத்தினால் ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு ஆழத்துக்குப் போகும். முதல் துண்டை வைத்ததும் ஒரு மூலையைப் பிரித்து முதுகைப் பாருங்கள். எல்லாச் சில்லிலும் பசை படிந்திருந்தால் மேலே தொடரலாம்.

காகிதத் துண்டுக்கு ஒரு படி கூடுதல். பதிக்கும் முன் மேசையில் காகிதம் கீழாகக் கிடத்தி, இடைவெளிகளைப் பின்பக்கமிருந்தே க்ரௌட் கலவையால் நிரப்பி, மிச்சத்தை வழித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் டைல்ஸ் பசை முன்னால் வர வழியில்லை. ஆனால் அந்த ஈரம் மைதா பசையை இளக்கத் தொடங்கியிருக்கும். நிரப்பியது நிரப்பியபடி சுவருக்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான்.

இரண்டு துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, துண்டுக்குள் இருக்கும் இடைவெளியோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும்.

அரை மணி, முக்கால் மணி கழித்துக் காகிதத்தை உரிப்பது. வெயில் நாளில் இன்னும் முன்பே. வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து மேலே ஒற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, மூன்று தடவை. காகிதம் நிறம் கறுத்து ஊறியதும் மேல் மூலையைப் பிடித்து, சுவரோடு சுவராகக் கீழ்நோக்கி இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் சில்லும் கூடவே வரும். முதல் தடவை படம் வெளிப்படும் அந்த நேரத்தில் கை நடுங்குவது இயல்பு. சிலது சாய்ந்திருக்கும், ஒன்றிரண்டு விழுந்திருக்கும். பசை இன்னும் பச்சையாக இருப்பதால் கரணை நுனியால் நகர்த்திச் சரிசெய்ய இதுவே தருணம். முகத்தில் மிஞ்சிய மைதா பசையை அன்றே துடைத்துவிடுங்கள். ஸ்டிக்கர் தாளாக இருந்தால் மறுநாள், பசை இறுகிய பிறகு, மடக்கிப் பிடித்து மெல்ல உரிக்கலாம்.

க்ரௌட்

கண்ணாடிச் சில்லுக்கு இரண்டு நாள் விடுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளிக்கு மணல் கலக்காத க்ரௌட். மணல் கண்ணாடியைக் கீறும். ரப்பர் பலகையால் குறுக்குச் சாய்வாக இழுத்து நிரப்பி, கால் மணி கழித்து, பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். சொட்டச் சொட்டத் துடைத்தால் நிரப்பியதெல்லாம் வெளியே வந்துவிடும். நிறம் முக்கியம்: வெள்ளை க்ரௌட் எல்லா நிறங்களையும் தனித்தனியே பிரித்துப் படத்தைச் சிதறடிக்கும். மயிலுக்கு நான் நடுத்தரச் சாம்பலைத்தான் எடுப்பேன்.

அடுப்பு மேடைப் பக்கம் மட்டும் எப்பாக்ஸி க்ரௌட்டுக்குச் செலவு செய்யலாம். சிமென்ட் க்ரௌட் மஞ்சள்தூளைக் குடித்துவிட்டால் திரும்பத் தராது. புளித்தண்ணீர் அதை மெல்ல அரிக்கும். எப்பாக்ஸி சீக்கிரம் இறுகும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்கி, உடனுக்குடன் துடைக்க வேண்டும். சுவரும் மேடையும் சேரும் மூலையில் க்ரௌட் போட வேண்டாம். அங்கே கட்டடம் அசையும், விரிசல் விடும். ஆரம்பத்தில் ஒதுக்கிய 3 மில்லிமீட்டரை சிலிக்கானால் நிரப்புங்கள்.

மிச்சமான சில்லுகளை, நிற எண்ணும் வாங்கிய பெட்டியின் தொகுதி எண்ணும் எழுதிய சீட்டோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். வலையில் ஒட்டிய சிறு துண்டு ஒன்றும் இருக்கட்டும். எங்கள் வீட்டுத் தாமரைக் கொடியில் தோசைக்கல் இடித்துப் பெயர்ந்த நாலு சில்லுகளை ஆறு வருஷம் கழித்து அந்த டப்பாவிலிருந்து எடுத்துத்தான் பதித்தேன்.